தினமும் பிறக்கிறவள்

"ஒரு மாசமா? முழுசா ஒரு மாசமா?" என்று கேட்டான் தரணீஷ்.

"ஆடின்னா ஒரு மாசந்தானுங்க. பாதியா நறுக்கிக் குடுப்பாங்களா?" என்றாள் சிந்துஜா. பெட்டிக்குள் புடவைகளை அடுக்கிக்கொண்டே சிரித்தாள். "கீழ எங்கண்ணன் ஈரோட்டுல இருந்து காரோட வந்து நிக்குது. உங்கம்மா காபி குடுத்து உக்கார வெச்சிருக்காங்க. மூஞ்சியக் கழுவிட்டு வந்து 'வாங்க'ன்னு கேளுங்க, போங்க."

"நீ போக முடியாது. எனக்கு ஆபீஸ் வேலை இருக்கு."

"உங்க வேலைய நீங்க பாருங்க மாமா. அதுக்கு நான் எதுக்கு?"

"நீதான் வேலையே. நாங்க கட்டற புது சிஸ்டத்தை டெஸ்ட் பண்ண உசுரோட இருக்கற ஆள் ஒருத்தர் வேணும். வீட்டாளுங்க யாரையாவது வெச்சுக்கலாம்னு சொல்லிட்டாங்க. உன் பேரைக் குடுத்துட்டேன்."

"எங்கண்ணங்கிட்ட என்னன்னு சொல்றது? புருசனுக்குக் கை நீட்டி நாடி காட்டற உத்தியோகம் கெடைச்சிருக்குன்னா?"

"அப்படியே சொல்லு."

அவள் பெட்டியை மூடி அதன் மேலேயே உட்கார்ந்தாள். இடது கையை அவன் முன்னால் நீட்டினாள். "இந்தாங்க. இது எப்படியும் உங்களுக்குத்தான் அடிச்சுக்குது. ஒரு மாசமாச்சும் எனக்குன்னு அடிக்கட்டும்னு பார்த்தேன், விடமாட்டீங்களே."

அவன் அந்தக் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான். "இந்த ஆடிக்கு மட்டுமில்ல சிந்து. இனி எந்த ஆடிக்கும் உன்னை அனுப்ப மாட்டேன்."

"சரி. நானும் இனிக் கேக்க மாட்டேன். போதுங்களா?"

அண்ணன் சீர்த் தட்டுகளை இறக்கி வைத்துவிட்டு, வெறும் காரோடு ஈரோட்டுக்குத் திரும்பிப் போனார்.

அது கல்யாணமான புதிது. இப்போது தரணீஷுக்குக் காதோரம் நரைத்துவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு நாள் காலையிலும், 'வாசல்' பக்கம் திறப்பதற்காகத் திரைக்கு முன்னால் காத்திருக்கும்போது, அந்தப் பேச்சு முழுக்க ஒருமுறை அவனுக்குள் ஓடிவிடும்.

வாசல் இல்லாமல் இப்போது எதுவும் கிடையாது. ரேஷன் வாங்க, பஸ் ஏற, ஆஸ்பத்திரியில் நேரம் கேட்க, பள்ளிக்கூடத்தில் சேர்க்க, எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பக்கம்தான். ஒவ்வொருவர் இடது மணிக்கட்டிலும் தோலுக்கடியில் அரிசி அளவில் ஒரு நாடிமணி இருக்கிறது. ஒருவருடைய நாடித் துடிப்பு போல இன்னொருவருக்கு இருக்காது என்பதால், அந்தத் துடிப்புதான் கையெழுத்து. கதவுகள்கூட அதைப் படித்துத்தான் திறக்கும். அந்த வாசலைக் கட்டிய இளைஞர் கூட்டத்தில் தரணீஷும் ஒருவன். அவன் கட்டிய பக்கம்தான் இப்போது அவன் முன்னால் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.

சக்கரம் நின்றது. ஆட்டோ உள்ள படங்களை எல்லாம் தொட்டு, நீங்கள் மனிதர்தான் என்று காட்டுங்கள் என்றது. ஒரு படத்தின் ஓரத்தில் ஆட்டோவின் கண்ணாடி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. அதைத் தொடுவதா வேண்டாமா? தினமும் அவன் தடுமாறும் இடம். தொட்டான். தவறு. மறுபடி முதலிலிருந்து. பெயர், பிறந்த ஊர், அப்பா பெயர். ஒரு எழுத்து விட்டுப்போயிற்று என்று பின்னால் போனால் அடித்ததெல்லாம் காணாமல் போயிருந்தது. 'அடித்ததை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்' என்று அன்றைக்கே கூட்டத்தில் அவன் சொல்லியிருக்கிறான். அடுத்த கட்டத்தில் பார்க்கலாம் என்றார்கள். அந்தக் கட்டம் வரவேயில்லை.

சமையலறையிலிருந்து குரல் வந்தது. "நான் பொறந்துட்டனுங்களா?"

"இன்னும் இல்ல. உங்கப்பா பேருல நிக்குது."

"எங்கப்பா பேரு நீளம். பொறுமையா அடிங்க."

கடைசியில் திரை மலர்ந்தது. *வருக சிந்துஜா! உங்கள் முதல் வருகைக்கு மகிழ்கிறோம்!* மேலிருந்து வண்ணக் காகிதத் துண்டுகள் உதிர்ந்தன. அந்தக் காகித மழையையும் அவன்தான் ஒரு சந்தோஷமான சாயங்காலத்தில் எழுதினான்.

அன்றைய டயாலிசிஸுக்கு இடம் பிடித்தான். பிறகு சிறுநீரகத்துக்காகக் காத்திருப்போர் வரிசைக்குப் போனான். யார் அதிக நாள் காத்திருக்கிறார்களோ அவர்களுக்கு முதலில் என்பது அந்த வரிசையின் நியாயம். சிந்துஜாவின் பெயருக்கு எதிரே, *காத்திருக்கும் காலம்: இன்று முதல்* என்று வந்தது. ஊரிலேயே கடைசி ஆள்.

அவள் படுத்த படுக்கையாகாத நோயாளி. பொருந்துகிற சிறுநீரகம் வீட்டில் யாரிடமும் இல்லை. தரணீஷின் ரத்தம் சேரவில்லை, அண்ணனுக்குச் சர்க்கரை. வரிசை ஒன்றுதான் வழி. அந்த வரிசையில் ஒவ்வொரு நாளும் அவளைச் சேர்க்கிறான், ஒவ்வொரு விடியலிலும் அவள் துடைக்கப்பட்டுவிடுகிறாள். பெயர், நோய், மருந்து, காத்திருந்த நாட்கள் ஒன்றும் மிஞ்சுவதில்லை.

நோய் வருவதற்கு முன்பும் இப்படித்தான் துடைக்கப்பட்டிருக்கிறாள். யாருக்கும் தெரியவில்லை. காஸ், ரேஷன், வீடு, வண்டி எல்லாமே புருஷன் பெயரில் இருக்கிற வீட்டில், மனைவி பெயர் இருக்கிறதா இல்லையா என்று யார் பார்க்கப் போகிறார்கள்?

தரணீஷ் சமையலறைக்குப் போனான். உருளைக்கிழங்கை இரண்டாவது தடவையாக வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தாள். உப்புச் சத்தெல்லாம் போய்ச் சக்கைதான் மிஞ்சும். அதைத்தான் அவள் சாப்பிடலாம். அன்றைக்கு அவள் குடிக்கலாம் என்று டாக்டர் சொன்ன தண்ணீர் ஒரு சின்னச் செம்பில் ஓரமாக இருந்தது.

"பொறந்துட்ட," என்றான்.

"கொழந்தை எப்படி இருக்குதாம்?"

"அப்படியே அம்மா ஜாடை."

"பாவம்," என்றாள். "அப்பா ஜாடையா இருந்தா ஆட்டோவே அடையாளம் தெரியாது."

அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே அவள் கணுக்காலைப் பார்த்தான். வீக்கம் நேற்றைவிட ஏறியிருந்தது.

---

சரவணம்பட்டி ஆபீஸில் பக்கத்து இருக்கைக்காரி ஷமீமா, திரையை மூக்கில் இடிக்கிற தூரத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். உக்கடத்துக்காரி. வாசலைக் கட்டிய பழைய கூட்டத்தில் மிச்சமிருப்பது அவளும் தரணீஷும்தான்.

"தரணி, 'சந்தோசமான பிங்க்'னா என்ன கலருப்பா? மகளிர் தின பேனர். மூணு தடவை அனுப்பிட்டேன். இன்னும் கொஞ்சம் சந்தோசம் வேணுமாம்."

"மொதல்ல அனுப்பினதையே திருப்பி அனுப்பு. இதைத்தான் கேட்டோம்பாங்க."

"அதுவும் சரிதான்." அனுப்பினாள். அடுத்த நிமிடமே 'அருமை' என்று பதில் வந்தது. "படிச்ச படிப்பென்ன, பார்க்கற பொழப்பென்ன பாரு. அல்லா!"

அவர்கள் இருவருக்கும் மிஞ்சிய வேலை அதுதான். பண்டிகைக்குப் பண்டிகை பேனர் மாட்டுவது, பொத்தானின் நிறம் மாற்றுவது. வாசலின் உள்ளே இருக்கும் நிரல் வரிகளைத் தொடுவதற்கு இப்போது எந்த மனிதனுக்கும் அனுமதி இல்லை. அதைக் கவனித்துக்கொள்ள 'பராமரிப்பாளர்' என்று ஒன்றை வைத்துவிட்டார்கள். அது தூங்காது, லீவு கேட்காது. யாராவது ஒரு புள்ளியை மாற்றினாலும் உடனே பழையபடி ஆக்கிவிடும். அதைச் செய்த கம்பெனியே கலைந்து போய்விட்டது.

ஷமீமா நாற்காலியை அவன் பக்கம் நகர்த்தினாள். குரலைத் தாழ்த்தினாள். "நீ போட்ட புகார் டிக்கெட்டைப் பார்த்தேன். சிந்துஜா பேரு அழியறதைப் பத்தி. இப்பவும் பராமரிப்பாளர் அதை மூடிருச்சு போல."

"'எதிர்பார்த்தபடியே இயங்குகிறது'ன்னு."

"மனசு கேக்கல. பழைய நிரலை எடுத்துப் படிச்சேன். படிக்கறதுக்குத் தடை இல்லையே." திரையை அவன் பக்கம் திருப்பினாள். "இது நீ எழுதினதுதானே?"

சின்னஞ்சிறு வரி. அதன் தலைமாட்டில் ஒரு குறிப்பு: *தற்காலிகம். பிறகு நீக்கவும். – தரணீஷ்.*

"தக்காளி," என்றான் அவன்.

"என்னது?"

"அந்த ஆடியில சிந்துவை வெச்சு டெஸ்ட் பண்ணிட்டு இருந்தேன். ரேஷன் பக்கத்துல அவ பேருல சும்மா ஒரு ஆர்டர் போட்டேன். நெசமாவே லாரி வந்து நின்னுருச்சு. வீடு பூரா தக்காளிப் பெட்டி. எங்கம்மா தெருவுக்கே தொக்கு கிண்டிக் குடுத்தாங்க. இது ஆகறதில்லைன்னு அன்னைக்குச் சாயங்காலம் எழுதினேன்."

ஷமீமா வரியைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள். "உன் மணியும் அவ மணியும் ஒரே கூரைக்குக் கீழ இருந்தா, அது டெஸ்ட். அன்னைக்கு நடந்தது எதுவும் நெசமில்ல. விடியறதுக்குள்ள அவ பேருல இருக்கறதை எல்லாம் துடைச்சு, புதுசா வை. சரியாப்பா?"

"சரி."

"அப்ப அவ பேரை அழிக்கறது சிஸ்டம் இல்ல." அவளுக்கு அதைச் சொல்லி முடிக்கக் கஷ்டமாக இருந்தது. "நீ. நீ பக்கத்துல இருக்கறதுதான்."

"தெரியும்."

ஷமீமா நிமிர்ந்தாள். "தெரியுமா? எப்பருந்து?"

"ஐப்பசியில சென்னைக்கு ட்ரெய்னிங் போனேன் இல்ல? அங்கிருந்தே ரெண்டாம் நாள் காலையில அவளைச் சேர்க்கலாம்னு பக்கத்தைத் திறந்தேன். முந்தின நாள் சேர்த்தது அப்படியே நின்னுச்சு. நான் அங்க இருந்த நாள் பூரா நின்னுச்சு. வரிசையில அவளுக்குப் பின்னால ஆளுங்க வந்துட்டாங்க ஷமீ. அவ பேருக்குக் கீழ பேரு இருந்துச்சு. பார்த்துட்டு ஓட்டல் ரூம்ல ஒக்காந்து அழுதேன். வீட்டுக்குத் திரும்பி வந்த மறுநாள் காலையில, 'முதல் வருகைக்கு மகிழ்கிறோம்'."

"அப்புறம் எதுக்குப்பா வீட்டுக்குப் போன?"

அவன் திரையில் தன் பெயரிருந்த குறிப்பைத் திரும்பப் படித்தான்.

"இல்ல, கேக்கறேன். அன்னைக்கே உனக்குத் தெரிஞ்சு போச்சு. மறுநாளும் போன. அதுக்கு அடுத்த நாளும் போன. பொங்கல் வந்துச்சு, மாசி வந்துருச்சு. இன்னைக்கும் போவ இல்ல?"

"சரி பண்ணிரலாம்னு நெனச்சேன்," என்றான். "ஒரே ஒரு வரி. நிரல்ல ஒரு தப்பு, 'பக்'தானே. நம்ம வாழ்க்கையில எத்தனை பக் பார்த்திருக்கோம். இன்னைக்கு இல்லைன்னா நாளைக்கு. நாளைக்கு இல்லைன்னா…"

"அவளுக்கு நாளைக்குன்னு ஒண்ணு இல்லையே தரணி. நீதானே அதை அழிக்கற."

மேஜை மேல் ஆறிக்கொண்டிருந்த டீயில் ஆடை கட்டியது. ஷமீமாவே சமாதானம் போல மறுபடி ஆரம்பித்தாள். "மணியை எடுத்துர முடியாதா?"

"எடுத்தா நான் செத்ததாக் கணக்கு. வேலை போயிரும். அவ டயாலிசிஸ் நடக்கறதே இந்த வேலையோட இன்சூரன்ஸ்ல."

"பக்கத்துல தனியா ஒரு வீடு எடுத்து வெச்சா?"

"யாரு பார்த்துக்குவா? பார்க்க நான் போனா அந்த வீட்டுக்கும் கூரை இருக்குமே. ஆஸ்பத்திரிக்கும் கூரை இருக்கு."

"கிட்னி கெடைச்சுருச்சுன்னா? அதுக்கப்புறம் வந்து சேர்ந்துக்கலாம்தானே?"

"அதுக்கப்புறமும் மாத்திரை, செக்கப் எல்லாம் வாசல் வழிதான். ஒரு நாள் துடைச்சாலும் மாத்திரை நின்னுரும். உடம்பு அதை ஏத்துக்காது." அவன் கண்களைத் துடைத்துக்கொண்டான். "அவ இருக்கற வரைக்கும் நான் பக்கத்துல இருக்கக் கூடாது. அவ்வளவுதான் அந்த வரிக்கு அர்த்தம்."

பராமரிப்பாளரிடம் அவன் மறுபடி ஒருமுறை பேசிப் பார்த்தான். ஷமீமா தோள் பக்கம் நின்று பார்த்தாள். அது எப்போதும் போல மரியாதையாகவே பேசியது.

*அந்த வரி எதிர்பார்த்தபடியே இயங்குகிறது.*

'அதை எழுதியவன் நான். தற்காலிகம் என்று நானே எழுதியிருக்கிறேன்' என்று அடித்தான்.

*குறிப்பைக் கண்டேன். 'பிறகு' என்பதற்கு நாள் எதுவும் குறிக்கப்படவில்லை.*

'ஒரு பெண்ணின் உயிர் போய்க்கொண்டிருக்கிறது.'

*வருந்துகிறேன். எந்தப் பெண்?*

'அந்தச் சோதனை ஆள். என் மனைவி.'

*சோதனை ஆட்களுக்கு உயிராபத்து நேர்வதில்லை. நீங்கள் குறிப்பிடும் சோதனை ஆள் இதுவரை எல்லாச் சோதனைகளிலும் தேறியுள்ளார். வேறு ஏதேனும் உதவி வேண்டுமா? இந்த உரையாடலுக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?*

ஐந்து வெற்று நட்சத்திரங்கள் கண் சிமிட்டின. ஷமீமா வாய்க்குள் ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். தரணீஷ் பையை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

"எங்க?"

"அவளைக் கூட்டிட்டு வரணும்."

"தரணி." அவள் அவன் பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள். "இன்னைக்காச்சும் சொல்லிருப்பா. நீ சொல்லாட்டி நான் வந்து சொல்லுவேன். எங்கூடவும் பிரியாணி சாப்பிட்டவதான் அவ."

---

ஆஸ்பத்திரி வாசலில், வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தி அதன் மேலேயே உட்கார்ந்திருந்தான். உள்ளே போகவில்லை. போகாததால் ஆகப்போவது ஒன்றுமில்லை. காலையில் ஒரே வீட்டிலிருந்துதான் கிளம்பினார்கள், அன்றைய நாள் அப்போதே பொய்யாகிவிட்டது. இருந்தாலும் கொஞ்ச நாளாகவே அவனுக்கு அந்தக் கதவைத் தாண்டக் கால் வருவதில்லை.

டயாலிசிஸ் சிஸ்டர் மரியபுஷ்பம் அவனைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். பேசுவதற்கு முன் மாஸ்க்கைக் கழற்றி மடித்தார். அவர் அப்படி மடித்தால் நல்ல செய்தி இருக்காது.

"தம்பி, இந்தக் கையிலயும் ரத்தக்குழாய் அடைச்சிருச்சு. இன்னைக்குக் கழுத்துல ட்யூப் போட்டுத்தான் முடிச்சோம். இப்படியே ரொம்ப நாள் ஓட்ட முடியாதுன்னு டாக்டர் சொல்றார். வரிசையில எங்க இருக்காங்க?"

"இன்னைக்குத்தான் சேர்ந்திருக்கா சிஸ்டர்."

"தினமும் இதையே சொல்றீங்க." அவர் பெருமூச்சு விட்டார். "நாங்க கையால எழுதி வெச்சா செல்ல மாட்டேங்குதே. பொள்ளாச்சிக்காரம்மா ஒருத்தங்க இவங்களோட ஒண்ணா ஆரம்பிச்சாங்க, ஞாபகம் இருக்கா? அடுத்த படுக்கை. அவங்களுக்கு நேத்து கெடைச்சிருச்சு."

கழுத்தில் வெள்ளைப் பிளாஸ்திரியோடு சிந்துஜா வெளியே வந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள். அருகில் வந்ததும் முகத்தைச் சரிசெய்துகொண்டாள்.

"தெரியுமா மாமா, பொள்ளாச்சி அக்காவுக்குக் கெடைச்சிருச்சு! முதல் வேலையா எளநீ குடிக்கப் போறாங்களாம். எத்தனை எளநீன்னு போன்ல கேட்டேன், ஒரு குலைங்கறாங்க." அவள் நிஜமாகவே சந்தோஷப்பட்டாள். பொறாமையின் நிழல்கூட இல்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. அந்த அக்கா வரிசையில் ஏறிய ஒவ்வொரு படியும் சிந்துஜாவும் ஏறியிருக்க வேண்டிய படி. ஏறித்தான் இருக்கிறாள். ஒவ்வொரு ராத்திரியும் தன் பக்கத்தில் படுக்கவைத்து, அவளைக் கீழே இறக்கிவிட்டவன் அவன்.

வண்டியில் ஏறி அவன் இடுப்பைச் சுற்றிக் கை போட்டாள். அந்தக் கை கனமில்லாமல் இருந்தது. சிக்னலில் நிற்கும்போதெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தான். பச்சை விழுந்தது. மூடிக்கொண்டான். அவிநாசி ரோட்டில் எத்தனை சிக்னல் உண்டோ அத்தனை தடவை இது நடந்தது.

அபார்ட்மெண்ட் வளாகத்துக்குள் வந்து நின்றார்கள். மாசி வெயில் இறங்கி, மொட்டை வானம் மட்டும் வெளிச்சமாக இருந்தது. இரண்டு எட்டு வைத்தால் கட்டடத்தின் கதவு. அது அவர்களுடைய மணிகளைப் படிக்கும். 'வருக தரணீஷ், வருக சிந்துஜா' என்று இருவர் பெயரையும் சேர்த்துச் சொல்லும். வீடு வாங்கிய புதிதில் அதைக் கேட்பதற்காகவே இரண்டு தடவை வெளியே போய் உள்ளே வந்தவர்கள் அவர்கள்.

தரணீஷ் கதவுக்கு முன்னால் நின்றுவிட்டான்.

"என்ன மாமா, சாவியே இல்லாத வீட்டுக்குச் சாவி தேடறீங்க?"

"சிந்து, உங்கிட்ட ஒண்ணு…"

"கொஞ்சம் ஒக்காந்துட்டுப் போலாமா? மூச்சு வாங்குது."

வெளிப்படியில் உட்கார்ந்தாள். அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான். தலைக்கு மேல் கூரை இல்லை. மேல்வீட்டுப் பையன்கள் அடித்த பந்து உருண்டு வந்து அவள் காலில் பட்டது. எடுத்து எறிந்தாள், பாதி தூரம்தான் போயிற்று. "தேங்க்ஸ் அக்கா" என்று ஒருவன் ஓடிவந்து பொறுக்கிக்கொண்டு போனான்.

"வைகாசியில எங்கண்ணன் புது வீட்டுக்குப் பால் காய்ச்சப் போனேனே, ஞாபகம் இருக்குங்களா?" என்றாள்.

"ம்."

"உங்களுக்கு லீவு கெடைக்கல. நான் மட்டும் போயித் தங்கினேன். 'நீங்க தினம் கஷ்டப்பட வேண்டாம், இங்க அண்ணன் மக பார்த்துக்கறா'ன்னு உங்ககிட்ட போன்ல சொன்னேன்." அவள் தன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "போன மறுநாள் அவதான் என்னைச் சேர்த்துவிட்டா. அதுக்கு அடுத்த நாள் காலையில பக்கத்தைத் திறந்துட்டு, 'அத்தை, நீங்க ஏற்கனவே இருக்கீங்களே'ன்னா. அங்க இருந்த நாள் பூராவும் நான் பொறக்கவே வேண்டியிருக்கல மாமா. நேத்து இருந்தவ இன்னைக்கும் இருந்தேன்."

அவன் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

"வைகாசியிலயே தெரியுமா உனக்கு?"

"காரணம் தெரியல. ஈரோட்டுக்கு ஏதோ ராசின்னு நெனச்சேன். நீங்க ஐப்பசியில சென்னைக்குப் போயிட்டு வந்தீங்களே, அன்னைக்கு உங்க மூஞ்சியப் பார்த்தேன். பொட்டியைக் கீழ வெக்காம கதவுக்கு வெளியவே நின்னீங்க. இப்ப நின்னீங்களே, அதே மாதிரி. அப்பத் தெரிஞ்சு போச்சு, ராசி ஈரோட்டுக்கு இல்லைன்னு."

"ஏன் சிந்து சொல்லல?" இப்போதுதான் அவள் பக்கம் திரும்பினான். "ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க ஏன் சொல்லலீங்க?"

அவன் செருப்பின் வாரைக் கழற்றி மறுபடி மாட்டினான்.

"நீங்களா சொல்லுவீங்கன்னு கொஞ்ச நாள் பார்த்தேன்," என்றாள். "அப்புறம், சொல்லிராதீங்க சாமின்னு வேண்டிக்கிட்டேன். காலையில எந்திரிச்சு, அந்த ஆட்டோ படத்தோட நீங்க மல்லுக்கட்டறதை சமையலறையில நின்னு கேட்டுக்கிட்டே இருக்கணும் போல இருந்துச்சு. தினம் ஒருத்தர் ஒக்காந்து நம்மளைப் பெத்தெடுக்கறதுன்னா சும்மாவா? அந்த நாளுக்காக ஒரு நாள், அடுத்த நாளுக்காக இன்னொரு நாள்னு தள்ளிப் போட்டுட்டேன். பேராசைதான்."

"இல்ல. நான்தான்…"

"இன்னைக்கு அந்த அக்கா எளநீன்னாங்க பாருங்க." அவள் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "எனக்கும் குடிக்கணும்னு வந்துருச்சு மாமா. வெக்கமா இருக்குது. ஆனா வந்துருச்சு."

அவன் அவள் இடது கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டான். அடைத்துப்போன ரத்தக்குழாய் தோலுக்கடியில் கயிறு போலத் தட்டுப்பட்டது. அதற்கும் கீழே, எங்கோ ஆழத்தில், நாடி அடித்துக்கொண்டிருந்தது. கதவு தானாக ஒருமுறை திறந்து, உள்ளே வர யாரும் இல்லை என்று கண்டு, மறுபடி மூடிக்கொண்டது.

"எங்கண்ணங்கிட்ட பேசிட்டேன்," என்றாள். "கார் எடுத்துட்டு வருது. பெருந்துறை தாண்டிருச்சாம். கீழயே நிக்கச் சொல்லியிருக்கேன்."

அவன் தலையைக் குனிந்து அந்தக் கையின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டான். அவள் இன்னொரு கையால் அவன் காதோர நரையை ஒதுக்கிவிட்டாள். கல்யாணமான வருஷத்திலிருந்து வாயே திறக்காமல் வைத்திருந்த சொல்லை, குழந்தை மிட்டாய் கேட்கிற தயக்கத்தோடு கேட்டாள்.

"மாமா, என்னை ஆடிக்கு அனுப்பி வைங்க."